பனிமலைக்கு என்ன உடுத்துவது?

கேள்வி: டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலை ஏறப் போகிறேன். வீட்டில் இரண்டு கம்பளி ஸ்வெட்டர், ஜீன்ஸ், பருத்தி பனியன்கள் இருக்கின்றன. இவை போதுமா?
– வாசகர், அரூர்

பதில்: போதாது. ஜீன்ஸையும் பருத்தி பனியனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கேதார்காந்தா சுமார் 12,500 அடி. டிசம்பர் இரவில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஏறும்போது வியர்க்கும். பருத்தி அதை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். நின்றதும் அந்த ஈரம் உடல் சூட்டை இழுத்துவிடும். குளிரில் நடுங்குபவர்கள் பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உடலை ஒட்டி பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் (சூடு காக்கும் மெத்தென்ற செயற்கை இழை மேலாடை), வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். உங்கள் ஸ்வெட்டரில் ஒன்றை முகாமில் போட்டுக்கொள்ளலாம். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சூடேறிவிடும். வியர்த்த பிறகு கழற்றுவது தாமதம்.

ஷூ கணுக்காலை மூட வேண்டும், அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இறங்கும்போது விரல் முட்டினால் நகம் கறுத்துவிடும். புது ஷூவோடு நேராகப் போகாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தீர்த்தமலை இருக்கிறதே! முதுகில் 8 கிலோ பையுடன் சில வாரம் ஏறி இறங்குங்கள்.

பைக்குள் பெரிய பிளாஸ்டிக் உறை போட்டு, அதற்குள் துணிகளை வையுங்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி, நடுவில். உறங்க மட்டும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்; பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும். டார்ச் பேட்டரியை ஜாக்கெட்டின் உள்பையில், உடலை ஒட்டி வையுங்கள், குளிரில் சீக்கிரம் தீர்ந்துபோகும்.