ரோஜா இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி இருந்தால் துரு நோய்தானா?

வீட்டு ரோஜாவிலும் வேலியோரக் காட்டு ரோஜாவிலும் ஒரே மாதிரி ஆரஞ்சுப் பொடி இருக்கிறது, இரண்டும் துரு நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் துருதான். ஆனால் இலையைத் திருப்பாமல் முடிவு கட்டாதீர்கள்.

மேல்பக்கம் வெளிறிய மஞ்சள் புள்ளிகள் மட்டும் தெரியும். சத்துக் குறைவு என்று உரத்தைக் கொட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அடிப்பக்கத்தில், அந்தப் புள்ளிகளுக்கு நேராக, குண்டூசித் தலை அளவுக்கும் சிறிய கொப்புளங்கள் இருக்கும். வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். ஆரஞ்சுக் கறை ஒட்டினால் துரு. கரும்புள்ளி நோய் மேல்பக்கத்தில் பிசிறடித்த ஓரத்தோடு வரும், தேய்த்தால் ஒன்றும் வராது.

முற்றிய இலையில் ஆரஞ்சுக்கு நடுவே கறுப்புப் பொட்டுகள் முளைக்கும். இன்னொரு நோய் தொற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். காலம் சரியில்லாதபோது தாக்குப்பிடிக்க, துரு நோய்க்குக் காரணமான அதே பூஞ்சை (ஃபிராக்மிடியம்) உண்டாக்கும் வித்துகள் அவை. இளந்தண்டிலும் இலைக்காம்பிலும் வந்தால் அடையாளமே மாறிவிடும்: அந்த இடம் வீங்கி, முறுக்கிக்கொண்டு, பளீரென்ற ஆரஞ்சு அப்பியிருக்கும். பூச்சி கடித்தது என்றுதான் முதலில் தோன்றும்.

தாண்டிக்குடிப் பக்கம் காபி இலைகளிலும் துரு உண்டு. அது வேறு பூஞ்சை, ரோஜாவுக்கு வராது. ரோஜாத் துரு தன் வாழ்க்கை முழுவதையும் ரோஜாவிலேயே முடித்துக்கொள்ளும். அதிலும் பல வகைகள் இருக்கின்றன, எல்லா வகையும் எல்லா ரோஜாவையும் பிடிக்காது. அதனால் சோலையோரம் வெள்ளைப் பூ பூத்துப் படரும் நம் காட்டு ரோஜாவை (ரோசா லெஷனால்டியானா) சந்தேகத்தின் பேரில் வெட்டிப் போடாதீர்கள். தென்னிந்திய மலைகளைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை.

18 முதல் 21 டிகிரி குளிரும், இலையில் இரண்டு மூன்று மணி நேர ஈரமும் துரு தொற்றப் போதும். நம்மூர் மூடுபனியில் கேட்கவா வேண்டும்! நோய் கண்ட இலைகளை, உதிர்ந்தவற்றையும் சேர்த்து, பொறுக்கி எரித்துவிடுங்கள். கவாத்து செய்து செடிக்குள் காற்றோட்டம் கொடுங்கள். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். மேலே மட்டும் தெளித்தால் மருந்துதான் வீண்; தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள்.