வயல் மட்டக் கணக்குக்கு டெலானேட்டர் போதுமா? வாய்க்காலைத் தாண்டும் முக்கோணங்களை என்ன செய்வது?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு வேலி நிலத்துக்கு லெவல் எடுத்து 300 புள்ளிகள் வைத்திருக்கிறேன். எங்கே எவ்வளவு மண் வெட்டி எங்கே போடுவது என்று பிரவுசரிலேயே காட்டும் சின்னக் கருவி ஒன்று எழுதுகிறேன். புள்ளிகளை முக்கோண வலையாக இணைக்கும் டெலானேட்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இதற்குப் போதுமா? நடுவில் போகும் வாய்க்காலைப் பொருட்படுத்தாமல் முக்கோணங்கள் குறுக்கே விழுகின்றன.

பதில்:

தாராளமாகப் போதும். 300 புள்ளி அதற்கு ஒரு வேலையே இல்லை. பத்து லட்சம் புள்ளிகளையும் சாதாரண லேப்டாப்பில் சில நொடிகளில் முடித்துவிடும். லீஃப்லெட் வரைபட நூலகத்தை உருவாக்கிய வொலோதிமிர் அகஃபோன்கின் எழுதியது. யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் ஐஎஸ்சி உரிமம் என்பதால் நாளைக்கு உங்கள் கருவியை விலைக்குக் கொடுத்தாலும் சிக்கல் இல்லை. இதே வேலைக்கான ஜொனாதன் ஷூச்சக்கின் ‘ட்ரையாங்கிள்’ நிரல் இன்னும் நிறையச் செய்யும்; ஆனால் விற்கிற மென்பொருளில் அதைச் சேர்க்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

வாய்க்காலைத் தாண்டுவது நூலகத்தின் பிழை அல்ல. போரிஸ் டெலானே 1934-ல் சொன்ன விதி ஒன்றுதான்: முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டு வட்டம் போட்டால், அதற்குள் வேறு புள்ளி இருக்கக் கூடாது. நீங்கள் கொடுப்பது கிழக்குத் தூரமும் வடக்குத் தூரமும் மட்டும். உயரம் தனி வரிசையில் உங்களிடமே இருக்கிறது. இந்தக் கரையும் அந்தக் கரையும் அருகருகே இருந்தால் இரண்டையும் இணைத்துவிடும். நடுவில் அரை மீட்டர் பள்ளம் இருப்பது அதற்குத் தெரிய வழியில்லை. அந்தத் தகவலை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி கன்ஸ்ட்ரெய்னாட்டர் என்ற துணை நூலகம். டெலானேட்டர் போட்ட வலையை எடுத்துக்கொண்டு, ‘இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே கோடு கட்டாயம் இருக்க வேண்டும்’ என்று நீங்கள் சொல்லும் கோடுகளை உள்ளே திணிக்கும். கோட்டின் இரு முனைகளும் ஏற்கெனவே புள்ளிகளாக இருக்க வேண்டும். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. ஒரு கோடு இடையில் இன்னொரு புள்ளியின் மேல் போகவும் கூடாது. வரப்பு வாய்க்காலைச் சந்திக்கும் மடையில் ஒரு புள்ளி இல்லாவிட்டால் அங்கேயே பிழை காட்டி நிற்கும். அந்த இடத்தில் ஒரு புள்ளியைச் சேர்த்து இரு கோடுகளையும் அதில் உடைத்துவிடுங்கள்.

இரண்டாவது வழிக்கு நூலகமே வேண்டாம். வரப்பு அல்லது வாய்க்கால் கோட்டின் ஒவ்வொரு துண்டையும் விட்டமாக வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். உள்ளே வேறு புள்ளி இல்லையென்றால் அந்தத் துண்டு டெலானே வலையில் தானாகவே வந்துவிடும். இருந்தால், துண்டின் நடுவில் ஒரு புள்ளியைச் சேர்த்து, இரு முனை உயரங்களின் சராசரியை அதற்குக் கொடுத்து, மறுபடி சோதியுங்கள்.

களத்திலும் இதே கணக்குதான். வரப்பின் தலையில் 10 மீட்டருக்கு ஒரு ரீடிங், இருபுற அடியிலும் அதே இடைவெளியில் ரீடிங், ஆனால் அடிப்புள்ளிகள் தலைப்புள்ளிகளுக்கு நடுவில் விழுகின்றன என்று வையுங்கள். இரு அடிப்புள்ளிகளும் ஒன்றோடொன்று இணைந்து வரப்பை வெட்டிவிடும்; வரைபடத்தில் வரப்பு உடைந்து உடைந்து தெரியும். தலையையும் இரு அடிகளையும் ஒரே குறுக்குக் கோட்டில் எடுத்தால் இந்தத் தொல்லை வராது. ஸ்டாஃப் (அளவுகோல்) பிடிப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டெல்டாவில் நிலச் சரிவு பெரும்பாலும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. வயலுக்குள் இருக்கும் மேடுபள்ளமெல்லாம் சில சென்டிமீட்டர்தான். ஒரு வரப்புப் புள்ளி தவறாக வயலுக்குள் இணைந்தாலே கணக்கு மொத்தமும் சாய்ந்துவிடும்.

இன்னொரு இடம் பலருக்கும் பிடிபடாதது: எண்களின் துல்லியம். அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கொடுக்காமல் மீட்டரில் தூரம் சொல்லும் யுடிஎம் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். கும்பகோணத்தில் கிழக்குத் தூரம் சுமார் 3,23,000 மீட்டர், வடக்குத் தூரம் சுமார் 12,12,000 மீட்டர் வரும். திரையில் வரைவதற்காக இவற்றை 32 பிட் ஃப்ளோட் வரிசையில் போட்டுவிட்டு அதையே டெலானேட்டருக்கும் கொடுத்தால், கிழக்குத் தூரம் 3.1 சென்டிமீட்டர் படிகளாகவும் வடக்குத் தூரம் 12.5 சென்டிமீட்டர் படிகளாகவும் வெட்டுப்படும். அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றாகிவிடும். நிலத்தின் தென்மேற்கு மூலையை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழித்துவிட்டு, 64 பிட் வரிசையில் கொடுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு ரீடிங் இருந்தால் டெலானேட்டர் ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்த எண் எந்த முக்கோணத்திலும் வராது. பெஞ்ச்மார்க்கை (உயரத்துக்கு ஆதாரமான நிலைப்புள்ளியை) காலையிலும் மாலையிலும் எடுத்திருப்பீர்கள், அதை முன்பே சராசரியாக்கிவிடுங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் முக்கோணப் பட்டியல் காலியாக வரும். பரப்பைக் கணக்கிடும்போது தனிமதிப்பு (கூட்டல் கழித்தல் குறி நீக்கிய எண்) எடுங்கள். வடக்கு மேலா கீழா என்பதைப் பொறுத்து முக்கோணத்தின் சுற்றுத்திசை மாறி, பரப்பு எதிர்மறையாக வரலாம்.

சதுரக் கட்டம் போட்டு ரீடிங் எடுத்திருந்தால் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் இருக்கும். எந்த மூலைவிட்டம் விழும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் கட்டத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டு 6 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால், மூலைவிட்டம் மாறினால் அந்த ஒரு கட்டத்திலேயே 2 கன மீட்டர் வித்தியாசம். கட்டத்தின் நடுவில் ஒரு ரீடிங் எடுப்பதே நல்லது. முடியாவிட்டால் நான்கு மூலைகளின் சராசரியைக் கட்டத்தின் பரப்பால் பெருக்குங்கள்; இரு மூலைவிட்டக் கணக்குகளின் சராசரி அதுதான்.

மண் கணக்கு எளிது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று உயரங்களின் சராசரியிலிருந்து இலக்கு மட்டத்தைக் கழித்து, பரப்பால் பெருக்கிக் கூட்டுங்கள். இது வெட்டும் நிரப்பும் கழிந்த நிகர அளவு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டுமானால், இலக்கு மட்டம் ஊடாகப் போகும் முக்கோணங்களைப் பிரிக்க வேண்டும். இலக்கு மட்டத்துக்கு ஒரு பக்கத்தில் தனித்து நிற்கும் முனைக்கும் அந்த மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை மூன்றாம் படிக்கு உயர்த்தி முக்கோணப் பரப்பால் பெருக்குங்கள். பிறகு, அந்த முனைக்கும் மற்ற இரு முனைகளுக்கும் உள்ள உயர வித்தியாசங்களின் பெருக்கலை 3-ஆல் பெருக்கி, வருவதால் அதை வகுங்கள். வருவது அந்த முனைப்பக்க மண். நிகர அளவிலிருந்து அதைக் கழித்தால் மறுபக்கம் கிடைக்கும். விவசாயியிடம் யூனிட்டில் (100 கன அடி) சொல்லுங்கள்: 100 குழி கொண்ட ஒரு மா நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் கனம் என்பது சுமார் 13.4 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 4.7 யூனிட்.

கடைசியாக எல்லை. டெலானேட்டர் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வெளிப்புறமாக வளைத்துப் போடும். நிலம் உள்வாங்கிய இடங்களில் பக்கத்து வயலின் மேலும் முக்கோணம் விழும். எல்லைக் கோட்டையும் கட்டாயக் கோடாகக் கொடுத்து, மையம் எல்லைக்கு வெளியே விழும் முக்கோணங்களைக் கணக்கில் விடுங்கள். பட்டியலிலிருந்து அழிக்க வேண்டாம். எந்த முக்கோணம் எதற்குப் பக்கத்தில் என்று சொல்லும் ஹாஃப்எட்ஜஸ் வரிசை முழுவதும் எண் இடத்தை நம்பியிருக்கிறது. ஒன்றை எடுத்தால் பின்னால் உள்ளவை எல்லாம் தவறான இடத்தைக் காட்டும். ‘உள்ளே, வெளியே’ என்று தனி வரிசையில் குறித்தால் போதும். பிறகு உள்ளே இருக்கும் முக்கோணப் பரப்புகளைக் கூட்டி, எல்லைப் புள்ளிகளிலிருந்து நேராகக் கணக்கிட்ட பரப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் சதுர சென்டிமீட்டர் வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது எல்லையில் இரட்டித்த புள்ளி; அடுத்தது, வரிசை மாறிக் கொடுத்த எல்லைக்கல்.