தாத்தாவை எழுதுதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. என்னை வளர்த்தவர் அவர்தான். அவரைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். ‘அன்பானவர், கண்டிப்பானவர், உழைப்பாளி’ என்று எழுதியதும் நின்றுவிடுகிறது. கண்ணை மூடினால் கடைசி மூன்று வாரங்கள் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த முகம்தான் வருகிறது. 24 ஆண்டுகள் உடனிருந்தவரை இவ்வளவு விரைவில் மறந்துவிட்டேனா? அவருடைய தங்கை ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்கலாம் என்றால், அழவைத்துவிடுவேனோ என்று தயக்கம். எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச,

நீங்கள் மறக்கவில்லை. கடைசி நாட்கள் முந்தைய நாட்களை மறைத்துக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். உளவியலாளர் டேனியல் கானமனும் மருத்துவர் டொனால்ட் ரெடல்மையரும் 1996-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குடல் பரிசோதனைக்கு உட்பட்டவர்களிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியின் அளவைக் கேட்டுக் குறித்தார்கள். பின்னர் மொத்தத்தில் எவ்வளவு வலித்தது என்று கேட்டபோது, வலி உச்சத்தைத் தொட்ட தருணமும் முடிவின் சில நிமிடங்களுமே பதிலைப் பெரிதும் தீர்மானித்தன. பரிசோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறக்குறைய கணக்கிலேயே வரவில்லை. ஒரு பரிசோதனையின் கணக்கை ஒரு வாழ்க்கைக்கு அப்படியே நீட்டுவது முறையல்ல. என்றாலும், மூன்று வாரங்கள் 24 ஆண்டுகளின் மேல் ஏறி அமர்ந்துகொள்வது உங்கள் அன்பின் குறைவால் அல்ல என்பதற்கு அதுவே போதும்.

எழுதிய வரிகளை அடித்துவிடுங்கள். கண்டிப்பானவர் என்கிறீர்களே, எதில் கண்டிப்பு? கதவைச் சாத்துவதிலா, சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புவதிலா? என் தாத்தாவுக்குமுன் வேறு யாராவது செய்தித்தாளைப் பிரித்துவிட்டால் அன்று காலை வீட்டில் பேச்சு இருக்காது. அவர் படித்து முடித்து மடித்துவைத்த தாள், இன்னும் யாரும் தொடாததைப் போலவே இருக்கும். அவரது கண்டிப்பு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது அந்த மடிப்பை மட்டும்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் பிறக்கும்போதே அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. யாருக்கும் தாத்தாவாக இல்லாத ஒரு மனிதர், வேலை தேடியவர், யாரிடமோ தோற்றவர், எதற்கோ அஞ்சியவர், உங்களுக்கு முன்னரே வாழ்ந்து போயிருக்கிறார். அந்த மனிதரின் தடயம் எங்கே இருக்கிறது என்றால், அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதைகளில். முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்கும்போது, ஏறக்குறைய 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே மற்றப் பருவங்களைவிட மிகுதியாக எழுந்துவருகின்றன என்பதை உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே நாம் சலிப்போடு கேட்ட கதைகள்தாம் அவர் தம் இளமையிலிருந்து நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. என் தாத்தா முதல் வேலையை மூன்றாம் நாளே உதறிவிட்டு வந்த கதையை எத்தனை முறை சொன்னார் என்று பேரப்பிள்ளைகள் நாங்கள் விரல்விட்டு எண்ணிச் சிரித்திருக்கிறோம். அவர் போன பிறகு, கத்தியது முதலாளியா தாத்தாவா என்பதில்கூட எங்கள் ஐவருக்குள் ஒற்றுமை இல்லை. எண்ணினோமே தவிர, கேட்கவில்லை.

தாமதிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, இடைவெளிவிட்டுத் திரும்பச் சொல்லவைத்த சோதனையை 1932-இல் விரிவாக எழுதினார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. மரத்தோணி சாதாரணப் படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. விளங்காதவை உதிர்ந்து, பழகியவை அந்த இடத்தில் வந்து அமர்ந்தன. இறந்தவரைப் பற்றி வீட்டில் புழங்கும் கதைகளுக்கு நேர்வதும் இதுதான். சில ஆண்டுகளில் முன்கோபம் கண்டிப்பாகிவிடும், வீம்பு கொள்கைப்பிடிப்பாகிவிடும். (உங்கள் ‘கண்டிப்பானவர்’ ஏற்கெனவே அந்த வழியில் பாதி தூரம் போய்விட்டதோ என்று எனக்கு ஐயம்.) அவர் யாரையாவது நோகடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். காரணம் விளங்காத பழக்கம் ஏதும் இருந்தால், விளக்கம் தேடாமல் விளங்காததாகவே எழுதிவையுங்கள். கேட்டதை யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். நீங்கள் கண்டதோடு அது கலந்துவிடக் கூடாது.

பாட்டியிடம் போவதற்குத் தயங்க வேண்டியதில்லை. அண்ணனைப் பற்றிப் பேச ஆளில்லாமல் அவர்தான் காத்திருக்கிறாரோ என்னவோ. அழுதால் அருகில் இருங்கள், அன்றைக்குக் கேள்விகள் போதும், மறுபடி போகலாம். அவர் சம்மதித்தால் கைபேசியில் குரலைப் பதிவுசெய்யுங்கள். ‘தாத்தா எப்படிப்பட்டவர்?’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘தங்கமானவர்’ என்று முடித்துவிடுவார். எதற்கெல்லாம் அடி வாங்கினார், தங்கையிடம் என்ன பொய் சொன்னார், இருட்டில் தனியாகப் போவாரா என்று கேளுங்கள். சிறுவயதில் அவரை வீட்டில் எந்தச் செல்லப்பெயரில் கூப்பிட்டார்கள் என்பதை முதலில் கேளுங்கள். உங்களுக்கு அது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.