கிளைம்பிங் பண்ற பொண்ணுக்கு எண்டோமென்ட் பாலிசி வேணாம், முதல்ல இந்த ஒரு வரியைப் பாருங்க

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதறேன். பொண்ணுக்கு 21 வயசு, பெங்களூர்ல தங்கி ஸ்போர்ட் கிளைம்பிங் ட்ரெயினிங் எடுக்கறா, லீட் (கயிறு மாட்டிக்கிட்டு உயரமான சுவர்ல எவ்வளவு மேல போக முடியுதுன்னு பாக்கற போட்டி) தான் அவ ஈவென்ட். ஒரு கம்பெனி ஒரு வருஷத்துக்கு மாசம் 25,000 ஸ்பான்சர் தருது, ஷூ, ஹார்னஸ் தனி. தெரிஞ்ச ஏஜென்ட் மாசம் 10,000 எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேந்தது) போடச் சொல்றார். ஐரோப்பா போட்டிக்கு நகையை அடகு வைக்கலாமான்னும் யோசிக்கறோம்.

பதில்: அக்கா, ரெண்டுமே வேணாம். அதை விட அவசரமா ஒண்ணு இருக்கு, உங்க ஹெல்த் பாலிசியை எடுங்க, அதுல விதிவிலக்குன்னு ஒரு பகுதி இருக்கும், கோட் 09-னு போட்டிருக்கும், சாகச விளையாட்டுல ப்ரொஃபஷனலா கலந்துக்கிட்டு அடிபட்டா க்ளெய்ம் கிடையாதுன்னு இருக்கும், அந்த லிஸ்ட்ல ராக் கிளைம்பிங்னு பேர் சொல்லியே எழுதியிருப்பாங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் பொதுவா வச்ச வாசகம் அது. பொழுதுபோக்கா ஏறினவரைக்கும் பரவால்ல, ஸ்பான்சர் காசு வாங்க ஆரம்பிச்சா அவ ப்ரொஃபஷனல்னு கம்பெனி சொல்ல இடம் இருக்கு.

இது சின்ன விஷயம் இல்லக்கா. நுனி விரல் மட்டும் நிக்கற ஹோல்டை (சுவர்ல இருக்கற பிடியை) மடக்கிப் பிடிக்கும்போது மோதிர விரல்ல தசைநாணை எலும்போட சேத்துப் பிடிச்சிருக்கற பூலி கிழிஞ்சா டப்னு சத்தமே கேக்கும், முழுசா கிழிஞ்சா மாசக்கணக்குல சுவர் பக்கமே போக முடியாது. ஸ்கேன், ஃபிஸியோ, பெங்களூர் வாடகை எல்லாம் அப்பவும் ஓடும். அதனால கவர் உண்டா இல்லையான்னு கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க, இல்லைன்னா போட்டி, ட்ரெயினிங் ரெண்டுக்கும் சேத்து கவர் தர்ற ஆக்சிடென்ட் பாலிசி தேடுங்க, ப்ரொபோசல்ல கிளைம்பர்னு மறைக்காம எழுதுங்க.

எண்டோமென்ட்ல பெரும்பாலும் 5, 6 சதவீதம் தாண்டாது, அடுத்த வருஷம் ஸ்பான்சர் நின்னா பிரீமியம் கட்ட முடியாம நடுவுல சரண்டர் பண்ணா போட்டதுலயே கை கடிக்கும். ஒரு வருஷ வருமானத்தை நம்பி 20 வருஷ கமிட்மென்ட் எடுக்கக் கூடாது. அந்த 10,000-ஐ பொண்ணு பேர்ல ஆர்டி போடுங்க, ஆறு மாச செலவு சேர்ற வரைக்கும் வேற எதுவும் யோசிக்காதீங்க.

நகை விஷயம், பரிசுப் பணம் முன்னணி இடங்களுக்கு மட்டும்தான், அதை நம்பி வட்டி கட்ட முடியாது. ஐஎம்எஃப் (இந்திய மலையேற்ற அமைப்பு) செலக்‌ஷன்ல போற போட்டின்னா டிக்கெட், தங்கற செலவு யார் பொறுப்புன்னு முதல்ல கேளுங்க, அப்புறம் ஸ்பான்சர்கிட்ட ட்ராவலையும் ஒப்பந்தத்துல சேக்கச் சொல்லுங்க, அடிபட்டா மாசப் பணம் நிக்குமாங்கறதையும் இப்பவே கேட்டுடுங்க. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல லீடுக்கு முதல் தடவையா தனி மெடல் இருக்கு, ஸ்பான்சர்கிட்ட பேச அது நல்ல பாயின்ட்.

ஓசியா வர்ற ஷூ, ஹார்னஸ் மதிப்பு வருஷத்துக்கு 20,000 தாண்டினா 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு, மறக்காம ரிட்டர்ன் போட்டா அவ வருமானத்துக்கு அது திரும்ப வந்துடும்.

டிகிரியை மட்டும் விடச் சொல்லாதீங்க, தமிழ்நாடு அரசு வேலைல ஸ்போர்ட்ஸ் கோட்டா 3 சதவீதம் இருக்கு, எந்த கேம், எந்த லெவல் சர்டிபிகேட் செல்லும்னு மாவட்ட விளையாட்டு ஆபீஸ்ல இந்த வாரமே விசாரிங்க.