ஓலை முடையும் கை மறக்கவில்லை: நினைவு பற்றிச் சில கேள்விகள்

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். நாலு தடவை வாசித்தாலும் தேர்வு அறையில் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. (மாணவி, மார்த்தாண்டம்)

மக்களே, திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தையே மனம் ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை எழுதிப் பாருங்கள். 2006-ல் உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்தில் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழிந்ததும் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அப்புறம், இரவு தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

சுனாமி வந்த காலையில் நான் மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தேன். இன்றும் கண்ணில் நிற்கிறது. அக்காவோ, இரண்டு பேரும் பூசைக்குப் போயிருந்தோம் என்கிறாள். யார் பொய் சொல்கிறோம்? (குளச்சல்)

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை என்பதால் அக்கா சொல்வதற்கும் இடம் இருக்கிறது. 1986-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் மாணவர்களை எழுத வைத்தார். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களிடமே மறுபடி கேட்டார். பலருடைய கதை மாறியிருந்தது, உறுதி மட்டும் குறையவில்லை. அவர்களே எழுதிய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

நினைவு பெட்டியில் பூட்டிவைத்த படம் இல்லை. சொல்லும்போதெல்லாம் மனம் அதைப் புதிதாகக் கூட்டிக் கட்டுகிறது. இத்தனை வருடத்தில் அடுத்த வீட்டார் சொன்னதும் டிவியில் பார்த்ததும் உங்கள் நினைவோடு கலந்திருக்கலாம். கடல் ஏறி வந்ததும் உறவுகளைப் பறிகொடுத்ததும் மாறாத உண்மை. எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதற்காக அக்காவோடு பிணங்க வேண்டாம்.

ஒரே சமயத்தில் நூறு காரியங்களில் கவனம் வைத்த நம்ம ஊர் சதாவதானி செய்குத்தம்பி பாவலரைப் போல மகனைப் பழக்க முடியுமா? (இடலாக்குடி)

பழக்கினால் எட்டாத உயரம் எட்டும், ஆனால் பழக்கிய துறையில் மட்டும். 1980-ல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண நினைவாற்றல் உள்ள கல்லூரி மாணவர் ஒருவர் நீண்ட பயிற்சியால் 79 இலக்கங்களை ஒருமுறை கேட்டே திருப்பிச் சொன்னார். அவர் ஓட்டக்காரர். எண்களை ஓட்ட நேரங்களாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறோடு நின்றுவிட்டார். மகனுக்குப் பிடித்தது எதுவோ அதில் தொடங்குங்கள்.

அம்மைக்கு 78 வயது. காலையில் பழஞ்சி குடித்தது பத்து மணிக்கு நினைவில்லை. ஓலையைக் கையில் கொடுத்தால் கடவம் பிழையில்லாமல் முடைகிறாள். நடிக்கிறாளோ என்று வீட்டில் பேச்சு. (கருங்கல்)

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் வலிப்புக்காக மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரும்பாகத்தை எடுத்தார்கள். அதன் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் கை தேர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முன்பு செய்ததே இல்லை என்றார். நடந்ததை வைத்துக்கொள்ளும் இடம் வேறு, கைப்பழக்கத்தைக் காக்கும் இடம் வேறு.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீக்கிரம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், இவற்றுக்கு மருந்து உண்டு. “இப்பதானே குடிச்சீங்க” என்று கடிந்துகொள்ள வேண்டாம். ஓலை மட்டும் குறையாமல் வாங்கி வையுங்கள்.