இயற்கை அடக்கம்: உயிலில் மட்டும் எழுதினால் போதாது

வணக்கம் சகோதரி. இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் உங்கள் அம்மா மரத்தடியில் இயற்கை அடக்கம் (உடல் மண்ணோடு மக்கும்படி எளிமையாகப் புதைப்பது) வேண்டும் என்கிறார், அண்ணனோ கிரானைட் கல்லறைதான் என்கிறார்; உயிலில் எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இங்கிலாந்துச் சட்டப்படி, உடலை என்ன செய்வது என்ற விருப்பம் யாரையும் கட்டுப்படுத்தாது. 1882-லேயே நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. முடிவெடுக்கும் உரிமை உயிலை நிறைவேற்றுபவருக்கே. ஆகவே அந்தப் பொறுப்பில் அம்மாவின் மனம் அறிந்தவரை நியமிக்கச் சொல்லுங்கள். (அண்ணன் கோபித்துக்கொள்வார், இப்போதே கோபிக்கட்டும்.) அடக்கம் முடிந்த பிறகே உயிலைப் பிரித்துப் பார்க்கும் வீடுகளும் உண்டு என்பதால், தனிக் கடிதமாக எழுதி எல்லோரிடமும் நகல் கொடுங்கள்.

கடிதத்தில் "பசுமையாக" என்று மட்டும் இருந்தால் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். எம்பாமிங் (உடல் கெடாமலிருக்க ரசாயனம் ஏற்றுவது) வேண்டாம், பிரம்புப் பெட்டியா பருத்தித் துணியா, எந்த இடுகாடு என்பதைப் பெயர் சொல்லி எழுதட்டும். எம்பாமிங்கையோ பெட்டியையோ சட்டம் கட்டாயமாக்கவில்லை. 1993-ல் கார்லைலில் தொடங்கிய இயற்கை இடுகாடுகள் இன்று நாட்டின் பல பகுதிகளில் உள்ளன. பலவற்றில் கல் நடவே விடமாட்டார்கள். அப்படி ஓரிடத்தை அம்மாவே முன்பதிவு செய்துவிட்டால் கிரானைட் பேச்சு பெரும்பாலும் எழாது. மரம் நட எல்லா இடத்திலும் அனுமதி இல்லை. அதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.