கொரிய மொழியில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை எப்படிப் பிரித்து மனதில் வைத்துக்கொள்வது?

கேட்டவர் இப்போதுதான் ஹங்குல் எழுத்துகளை முடித்திருக்கிறாராம். 'பே' என்றால் வயிறு, கப்பல், பேரிக்காய் மூன்றும் என்று வகுப்பில் சொன்னதும் தலை சுற்றிவிட்டது, இதையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது என்று கேட்கிறார்.

தேஜோன் நகரில் நான்கு ஆண்டு ஆராய்ச்சி மாணவனாகக் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். 'பே' உங்களை ஒன்றும் செய்யாது. மாட்டிவிடப் போகிறவை வேறு.

நான் மாட்டியது அரிசியில். போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், பக்கத்துக் கடையில், வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போய் "சல் இஸ்ஸொயோ?" என்று கேட்டேன். அரிசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டதாக நினைப்பு. கடைக்கார அம்மா தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, "சல் என்கிட்ட நிறையவே இருக்கு, கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போ" என்றார். அரிசி என்பது 'ஸ்ஸல்'. நாக்கை இறுக்கிச் சொல்ல வேண்டும். தளர விட்டால் அது 'சல்', அதாவது உடம்புச் சதை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அரிசிப் பையைக் கைகாட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனவே இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அட்சரம் பிசகாமல் ஒரே ஒலி உள்ள சொற்கள் ஒரு வகை. நம் காதுக்கு மட்டும் ஒன்றுபோலக் கேட்கிற, கொரியர் காதுக்கு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ள சொற்கள் இன்னொரு வகை.

முதல் வகை நமக்குப் பழகியதுதான். 'ஆறு மணிக்கு ஆற்றங்கரைக்கு வா' என்றால் எந்தத் தமிழனும் குழம்புவதில்லை. 'பே'யும் அப்படித்தான். பசிக்கிறது என்ற வினை வந்தால் வயிறு, தோல் சீவினால் பேரிக்காய், ஏறிப் போனால் கப்பல், முன்னால் எண் வந்தால் மடங்கு. (ஆமாம், நாலாவது பொருளும் இருக்கிறது. உங்கள் ஆசிரியர் பாவம் பார்த்து விட்டிருப்பார்.) நோட்டில் 'பே' என்று போட்டு எதிரே நாலு பொருள் எழுதாதீர்கள். வயிறு பசிக்கிறது, பேரிக்காய் சீவு, கப்பலில் ஏறு என்று வினையோடு சேர்த்து முழுதாக எழுதுங்கள். எண்ணும் சொல்லும் உதவும். கொரிய மொழியில் எதை எண்ணினாலும் அதற்கென்று ஓர் அலகு உண்டு. கப்பலுக்கு 'சொக்', பழத்துக்கு 'கே', விலங்குக்கு 'மாரி'.

இதிலும் கண்ணி உண்டு. 'சா' என்றால் தேநீர், கார் இரண்டும். 'தாதா' என்ற வினைக்கு (ரவுடி இல்லை) வண்டியில் ஏறுவது என்றும் பொருள், டீ, காபி கலக்குவது என்றும் பொருள். ஒருநாள் ஆய்வகத்தில் மூத்த மாணவர் என்னிடம் 'சா', 'தா' என்று ஏதோ கேட்டார். வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்கிறார் போல என்று கோட்டை மாட்டிக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் கையில் இரண்டு கோப்பை. டீ போட்டுத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

'மல்' என்றால் குதிரை, பேச்சு. ஒரு குதிரை 'மல் ஹன் மாரி', ஒரு வார்த்தை 'மல் ஹன் மதி'. ஒரு வார்த்தையால் ஆயிரம் ந்யாங் கடனும் அடையும் என்று ஒரு பழமொழி உண்டு, ந்யாங் என்பது பழைய காசு. நான் அதை 'மாரி' போட்டுச் சொல்லி, ஒரு குதிரையால் கடன் அடையும் என்று ஆக்கிவிட்டேன். அதில் என்ன தப்பு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை, குதிரையை விற்றால் அடையாதா?

இத்தனை ஒலியொப்புச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கொரியச் சொற்களில் பாதிக்கும் மேல் சீன வேர் கொண்டவை. சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கத்தால் வேறுபட்டு நின்ற சொற்கள், கொரிய வாய்க்கு வந்தபோது அந்த ஏற்ற இறக்கத்தைத் தொலைத்து ஒன்றாகிவிட்டன. சீனக் குறிகளில் எழுதிய வரைக்கும் கண்ணாவது வித்தியாசம் பார்த்தது. ஹங்குலில் மட்டும் எழுத ஆரம்பித்ததும் அதுவும் போயிற்று. இன்றும் செய்தித்தாள்கள் குழப்பம் வரும் இடத்தில் சீனக் குறியை அடைப்புக்குள் போடுகின்றன. போடாமல் என்ன செய்வது? 'பங்ஹ்வா' என்றால் தீ தடுப்பு, தீ வைப்பு இரண்டும்! 'யொன்பே' என்றால் தொடர் தோல்வி, தொடர்ந்து பட்டம் வெல்வது இரண்டும்! தலைநகர் சோலில் ஓடும் சுரங்க ரயிலின் 5ஆம் தடத்துக்கு மேற்குக் கோடி நிலையம் பங்ஹ்வா. நல்லவேளையாக அது தீயும் இல்லை திரியும் இல்லை, பூக்களின் பக்கம் என்று பொருள்படும் மூன்றாவது பங்ஹ்வா.

கொரியர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். 2022 ஆகஸ்டில் ஒரு கடை, முன்பதிவில் நேர்ந்த குளறுபடிக்காக 'சிம்சிமான சாக்வா' தெரிவித்துக்கொள்வதாக அறிவிப்புப் போட்டது. ஆழ்ந்த மன்னிப்பு என்று பொருள், சீன வேர்ச் சொல். ஆனால் தினப்பேச்சில் 'சிம்சிம்' என்றால் போரடிப்பது. "மன்னிப்புக் கேட்பது உங்களுக்குப் போரடிக்கிறதா?" என்று இளசுகள் கொதித்துவிட்டார்கள். இளைஞர்களுக்குச் சொல்லறிவு தேய்ந்துவிட்டதா என்று நாடே விவாதித்தது. 'சாக்வா'வுக்கு ஆப்பிள் என்றும் பொருள் உண்டு என்பதால், வகுப்பில் எங்கள் காதில் அது 'போரடிக்கும் ஆப்பிள்' என்றுதான் விழுந்தது.

'உய்சா'வும் இதே கதை. மருத்துவரும் உய்சா, நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரரும் உய்சா. 1909இல் சீனாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபுமியைச் சுட்ட ஆன் ஜுங்கனை 'ஆன் ஜுங்கன் உய்சா' என்பார்கள். அவர் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார் என்று குழந்தைகள் கேட்பதாக அங்கே ஒரு பழைய ஜோக்.

சரி, இரண்டாவது வகைக்கு வருவோம். உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை இதற்குக் கொடுங்கள்.

கொரிய மொழியில் ப, த, க, ச ஒவ்வொன்றும் மூன்று விதம். தளர்ந்தது, இறுகியது, மூச்சோடு வருவது. தளர்ந்த 'புல்' என்றால் நெருப்பு. இறுகிய 'ப்புல்' என்றால் கொம்பு. மூச்சுவிட்டுச் சொல்லும் 'ப்ஹுல்' என்றால்... புல்! நம் புல்லேதான், பசும்புல். (பசை என்றும் பொருள் உண்டு.) தமிழர் யாராக இருந்தாலும் இந்தச் சொல்லைப் பார்த்ததும் துள்ளுவார்கள், நானும் துள்ளினேன். இப்படிப்பட்ட ஒற்றுமைகளைப் பார்த்து 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியும் திராவிட மொழிகளும் உறவு என்று நூலே எழுதினார். மொழியியலாளர்கள் இன்று அதை ஏற்பதில்லை. அது போகட்டும். நான் உறவு கொண்டாடி நம் ஊர்ப் புல்லை அப்படியே சொன்னபோது அவர்கள் காதில் விழுந்தது கொம்பு. பூங்காவில் 'கொம்பின் மேல் உட்காரலாமா' என்று கேட்டிருக்கிறேன்.

ஏன் கொம்பு? நாம் 'பல்', 'பழம்' என்னும்போது மூச்சு வெளியே வருவதில்லை. அது கொரியரின் இறுகிய ஒலிக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. ஆக எல்லோரும் கஷ்டம் என்று பயமுறுத்தும் இறுகிய ஒலிதான் நமக்கு எளிது. 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள், நடுவில் உதடு ஒட்டி நிற்கும் அந்த 'ப்பா'தான் அது. அங்கேயும் அப்பாவுக்கு 'அப்பா'தான். ரொட்டிக்கு 'ப்பாங்' என்பார்கள். போர்த்துகீசியச் சொல் ஜப்பான் வழியாகக் கொரியா போய் ப்பாங் ஆனது, அதே சொல்தான் இலங்கைத் தமிழில் பாண். 'அப்பாங்' என்று சொல்லி முன்னால் உள்ள அகரத்தை விழுங்குங்கள், ரொட்டி கிடைக்கும். தளர விட்டால் 'பாங்', அதாவது தங்கும் அறை.

மூச்சு ஒலிக்கு டிஷ்யூ பேப்பரை உதட்டுக்கு முன்னால் பிடியுங்கள். புல்லுக்குப் பேப்பர் படபடக்க வேண்டும், கொம்புக்கு அசையக் கூடாது, நெருப்புக்கு லேசாக ஆடினால் போதும். பேப்பர் வாயைச் சரிசெய்யும், காதைச் சரிசெய்யாது. காதுக்கு வேறு அடையாளம் இருக்கிறது. இதை எனக்குப் பாடப் புத்தகம் சொல்லவில்லை, அறைத் தோழன்தான் சொன்னான். சோல் பக்கத்து இளைஞர்கள் பேச்சில் தளர்ந்த ஒலியில் தொடங்கும் சொல் தாழ்ந்த குரலில் ஆரம்பிக்கும், மற்ற இரண்டும் உயர்ந்த குரலில். நிலா 'தல்' கீழே, மகள் 'த்தல்' மேலே, முகமூடி 'த்ஹல்' மேலே. மெய்யெழுத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் குரல் எங்கே தொடங்குகிறது என்று கவனித்த பிறகுதான் எனக்கு நிலா மகளிடமிருந்து பிரிந்தது.

தளர்ந்த ஒலியில் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. 'காகம்' என்பதில் முதல் ககரம் ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி. எழுத்து ஒன்றுதான், யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, வாய் தானாகச் செய்கிறது. இறைச்சிக்குக் கொரியச் சொல் 'கொகி'. அதைக் காகம் போலவே படியுங்கள், சரியாக வந்துவிடும். புசான் நகரின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று அவர்கள் அடித்துக்கொண்டு 2000இல் முதலெழுத்தையே P-யிலிருந்து B-க்கு மாற்றினார்கள். நமக்கு அந்தத் தகராறே இல்லை, ஒரு 'பு' போதும்.

உயிரொலிகளில் சுருக்கமாக இரண்டு. தமிழில் 'ஒ' என்று எழுதிவிடுகிற ஒலி அங்கே இரண்டு. உதடு குவித்துச் சொன்னால் 'கோபி', அது மூக்கிலிருந்து வடியும் ரத்தம். காபி வேண்டுமென்றால் உதட்டைக் குவிக்காதீர்கள். நம் ஊர்க் காப்பியைச் சொல்கிற வாயே கிட்டத்தட்ட போதும். அடுத்தது, 'பாக்கு', 'பாட்டு' முடிவில் வரும் குற்றியலுகரம். அது அங்கே ஒரு தனி உயிரெழுத்து. கும்பத்தின் 'கு' போட்டால் 'குல்' சிப்பி, பாக்கின் 'கு' போட்டால் எழுதப்பட்ட எழுத்து. வெள்ளைக்கார மாணவர்கள் இதற்கு மாதக்கணக்கில் தவம் கிடந்தார்கள், எனக்கு முதல் நாளே வந்தது. என் ஒரே வெற்றி அது.

சீப்பு, கடன், ஒளி மூன்றும் 'பித்' என்றே முடியும், ஆனால் எழுத்து வேறு. தனியாகக் கேட்டால் கொரியருக்கும் தெரியாது. பின்னால் 'இ' உருபு சேர்ந்தால் சீப்பு 'பிசி' ஆகும், கடன் 'பிஜி' ஆகும், ஒளி 'பிச்சி' ஆகும். ஆகவே பெயர்ச்சொல்லை உருபோடு சேர்த்தே வாய்விட்டுப் படியுங்கள்.

குறில் நெடில் பற்றியும் யாராவது சொல்வார்கள். கண் 'நுன்', பனி 'நூன்' என்று அகராதி பிரிக்கிறது. இரவும் செஸ்நட் கொட்டையும் அப்படியே. தமிழனாயிற்றே, இதில் அசத்திவிடலாம் என்று நானும் நெடிலை நீட்டி நீட்டிப் பேசினேன். இளையவர்கள் அந்த வேறுபாட்டை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். "எங்க தாத்தா மாதிரி பேசுறே" என்றான் அறைத் தோழன்.

அந்த அரிசிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. மூன்று மாதம் குளியலறையில் 'ஸ்ஸல், சல், ஸ்ஸல், சல்' என்று பழகினேன். அடுத்த விடுமுறைக்கு ஒரு நண்பன் வீட்டுக்கு தேகு போனபோது அவன் அம்மா சந்தைக்கு அனுப்பினார். கடைப் பாட்டியிடம் நாக்கை நன்றாக இறுக்கி, தப்பே இல்லாமல், "ஸ்ஸல் இஸ்ஸொயோ?" என்றேன். பாட்டி நிமிர்ந்து பார்த்து, "சல்லா? எத்தனை கிலோ?" என்றார். தேகு இருக்கிற கியோங்சாங் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த இறுகிய 'ஸ்ஸ' வாயில் வருவதே இல்லையாம்.